பெங்களூரில் காயாத துணி

பெங்களூருக்குப் போகிறவர்கள் லால்பாக்கைப் பார்க்கப் போவார்கள், கப்பன் பார்க்கைப் பார்க்கப் போவார்கள், பிள்ளைக்கு வேலை தேடிப் போவார்கள். நான் போனது எங்கள் விடுதியின் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டதால். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தக் கோடையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவண்ணாமலைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். பள்ளியோடு சேர்ந்த விடுதி. பஸ் போகாத ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை. அந்த ஆண்டு கழிப்பறைக் குழாய் திரும்பத் திரும்ப அடைத்தது. கழிவு லாரிக்காரர் வந்து இழுக்கும்போதெல்லாம் நாப்கினாக வந்து விழுந்தது. பிள்ளைகளை என்னவென்று திட்டுவது? குப்பைத் தொட்டியில் போட்டால் நாய் கவ்விக்கொண்டு தெருவுக்குப் போகிறது. எரித்தால் எதிர்வீட்டுக்காரர் நாற்றம் என்று சண்டைக்கு வருகிறார். கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஒரே இடம் கழிப்பறை ஓட்டைதான் என்று அதிலேயே போட்டுவிட்டார்கள்.

ஆண்டுத் தேர்வு நேரத்தில் டேங்க் பொங்கி, தாளாளரின் கார் சக்கரம் வரைக்கும் வந்துவிட்டது. மனிதர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதோ பாரும்மா, ஜூன்லருந்து வயசுக்கு வந்த பொண்ணுங்க ஹாஸ்டல்ல வேணாம். சின்னப் பசங்களோட நிறுத்திக்கலாம். பெருசுங்க வூட்லருந்து வந்துபோவட்டும்" என்றார்.

வீட்டிலிருந்து வந்துபோவதாவது! கலைச்செல்வியின் ஊர் ஜவ்வாது மலைக்குள். ஒன்பதாவது முடித்திருந்தாள். கணக்கு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவளுடைய அப்பா மாமன் மகனைப் பேசி வைத்துவிட்டு, விடுதி எப்போது பிள்ளையை அனுப்பும் என்று காத்துக்கொண்டிருந்தார். விடுதி இல்லையென்றால் பள்ளி இல்லை, பள்ளி இல்லையென்றால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அவளைப்போல் இன்னும் எத்தனையோ பேர்.

"காலாண்டுப் பரீட்சை வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்குள்ள லாரி திரும்ப வந்துச்சுன்னா நீங்க சொல்றபடி செய்யுங்க" என்று வாய் கொடுத்துவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. என் வாய் எப்போதும் எனக்கு முன்னாலேயே போய்விடும்.

வழி என் நாத்தனார் தனத்திடமிருந்து வந்தது. தனம் பெங்களூரில் ஈஜிபுராவில் குடியிருக்கிறாள். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். நான் போனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள். "அண்ணி, இங்க ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு மேடம் துணியிலயே நாப்கின் தைக்கறாங்க. தொவச்சித் தொவச்சி கட்டிக்கலாம். ஞாயித்துக்கெழமல நான் அங்க போயிதான் தச்சிக் குடுக்கறேன். வந்து பாருங்களேன்."

துணியா? துணியை விட்டுத்தொலைத்துத்தானே நாப்கினுக்கு வந்தோம்? முன்னால் போகிறோமா, பின்னால் போகிறோமா? இருந்தாலும் வேறு போக்கிடம் இல்லை. மே மாதக் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் அக்கினி நட்சத்திரம் முடிந்தும் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரில் இறங்கினால் ஜனங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். மே மாதத்தில்! தனத்தின் வீடு ஈஜிபுராவில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரே அறை. சந்தில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம், நடுவில் உருது. ஃபேன் போடாமல் தூங்கினோம். பெரிய சௌகரியம் என்று நினைத்தேன். துணி துவைக்கிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முனையிலிருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே வெண்ணெய். இட்லி அருமை. சாம்பாரை வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னாடி இது, சாம்பாரா பாயசமா? வெல்லத்த இப்பிடி அள்ளிக் கொட்டியிருக்கான்" என்றேன்.

"அண்ணி, மெதுவா. அவருக்குத் தமிழ் தெரியும்."

கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியறது என்னம்மா, நானே வேலூருதான். வெல்லம் போடலன்னா இங்க ஒருத்தனும் சாப்பிட மாட்டான். எனக்கே இப்ப அது இல்லாம எறங்கல" என்றார். எனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் காரச் சட்னி கொண்டுவரச் சொன்னார். நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுன் போனோம். எங்கள் ஊர் பஸ்ஸில் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். பெங்களூர் பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. தெரியாமல் நான் பின்வாசலில் ஏறிவிட்டேன். கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கத்தினார். முன்னால் போ என்கிறார் என்று புரிந்தது. ஆனால் அத்தனை ஆம்பிளைகளையும் தாண்டி முன்னால் போவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஒரு வழியாக இடித்துப் பிடித்து முன்னால் போய்ச் சேர்ந்தபோது தனம் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த மேடத்தின் பெயர் ஸ்டெல்லா. ஓய்வுபெற்ற நர்ஸ். தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். ஓட்டு வீடு, முன்னால் பெரிய தோட்டம். கார் ஷெட்டில் கார் இல்லை, தையல் மெஷின்கள்தான் இருந்தன. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் சிலர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, கம், கம். தனம், சேர் எடுத்துப் போடு. நீங்கதான் அந்த செப்டிக் டேங்க் வார்டனா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு பட்டம். தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ரொட்டியை ஒரு தட்டில் வைத்து டீயோடு கொடுத்தார். அதைச் சாப்பிட்டதும் பட்டத்தை மன்னித்துவிட்டேன்.

அவர் தைத்த நாப்கினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மெத்து மெத்தென்று, பல மடிப்புத் துணி வைத்து, இரண்டு பக்கமும் இறக்கை, அதில் டிச் பட்டன். பார்க்கிறதுக்குக் குழந்தையின் தலையணை மாதிரி அழகாக இருந்தது. ஸ்டெல்லாவுக்கு மட்டும் முகத்தில் தெளிவில்லை.

"வாங்கறாங்கம்மா. ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. அடுத்த மாசம் கேட்டா பழையபடி கடை நாப்கின். ஏன்னு கேட்டா சிரிக்கறாங்க. சிரிச்சா நான் என்ன பண்றது, யூ டெல் மீ" என்றார்.

"எப்படிக் காயவைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல வெயில்ல. வெயில்தான் இதுக்கு மருந்து. தட் இஸ் மஸ்ட். ஈரத்தோட மடிச்சு வச்சா புண்ணு வரும், அரிப்பு வரும்."

மெஷின்கள் ஒரு நிமிஷம் நின்றன. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

கிளம்பும்போது ஸ்டெல்லா ஒரு விஷயம் சொன்னார். ஆனேக்கல்லில் ஒரு பெண்கள் விடுதி இருக்கிறதாம், அங்கே மட்டும் போன வருஷத்திலிருந்து பிள்ளைகள் விடாமல் துணி கட்டுகிறார்களாம். "அந்த வார்டன் என்ன மாயம் பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க போய்ப் பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனத்தைக் கேட்டேன். "உன்னுத நீ எங்கடி காயப்போடற?"

"மொட்ட மாடியிலதான் அண்ணி. பாவாடைக்கு அடியில."

"பாவாடைக்கு அடியில போட்டா காயுமா? அதுவும் இந்த ஊர்ல?"

"எங்க காயுது? மூணு நாளானாலும் சவசவன்னுதான் இருக்குது. அப்புறம் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால போடுவேன். ஓனரம்மா மாடிக்கு வர்றாங்கல்ல, பாத்துட்டா?" என்றாள்.

நானும் அப்படித்தானே. கல்யாணமான புதிதில் பாவாடைக்கு அடியில், அதற்கு மேல் ஒரு துண்டும் போட்டுக் காயவைத்தவள்தான். எங்கள் ஊர் வெயிலுக்கு அப்படியும் காய்ந்துவிடும். அதனால் அந்த யோசனையே எனக்கு வந்ததில்லை.

மறுநாள் ஆனேக்கல்லுக்குக் கிளம்ப வேண்டும். சொல்லி வைத்ததுபோல எனக்கு அன்றைக்குத் தூரமாகிவிட்டது. சரி, பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நாமே முதலில் கட்டிப் பார்ப்போம் என்று துணிந்துவிட்டேன். தனம் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவளே தனியாகத் தைத்தது.

"மேடம் தைக்கறது கொஞ்ச நேரத்துல தொளதொளன்னு சுருட்டிக்குது அண்ணி. நான் உள்ளாற ஒன்னு வச்சித் தச்சிருக்கேன். சுருட்டவே சுருட்டாது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றாள். வளைத்துப் பார்த்தேன், நிமிர்ந்து நின்றது. தையல் ஒரு நூல் பிசகவில்லை. அவளுக்கு அவ்வளவு பெருமை. அவள் டூட்டிக்குப் போனாள், நான் பஸ் ஏறினேன்.

ஆனேக்கல் பஸ்ஸில் நல்ல வேளையாக உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் மடி நிறையக் கீரைக்கட்டோடு ஒரு பெண். எனக்குக் கன்னடம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் கீரை விலையைக் கையாலேயே பேசிக்கொண்டு வந்தோம். சந்தாபுரம் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கச் சொன்னார்கள்.

எழுந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது. புடவை பின்னால் நனைந்து ஒட்டியது. திரும்பிப் பார்த்தால் சீட்டில் கறை. பின்னாலிருந்து ஆம்பிளைகள் இறங்க வந்துகொண்டிருந்தார்கள். வேற்றூர், தெரியாத பாஷை, கையில் மாற்றுப் புடவைகூட இல்லை. அப்படியே உட்கார்ந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். டிரைவர் இறங்கு இறங்கு என்று அவசரப்படுத்தினார்.

கீரைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, என் புடவை மேலும் சீட்டு மேலும் அப்படியே கவிழ்த்தாள்.

"அய்யோ அக்கா! நீரெல்லாம் செல்லிபிட்டேனே!" என்று பஸ்ஸே அதிரக் கத்தினாள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டாளாம். இறங்க வந்தவர்கள் அவளைத் திட்டினார்கள். பார்த்துப் பிடிக்கக் கூடாதா, வயசானவங்க மேல ஊத்திட்டியே என்று ஒருவர் சொன்னார் என்று நினைக்கிறேன். வயசானவங்க என்றதற்குக் கோபப்பட அப்போது நேரமில்லை. அவள் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டே தன் துண்டால் சீட்டைத் துடைத்தாள். பிறகு எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்து, ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்கின் கழிப்பறை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். கதவுக்கு வெளியே காவலுக்கும் நின்றாள். பையிலிருந்த துண்டை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு கீரைக்கட்டை என் பையில் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆனேக்கல் வந்து சேர்ந்து, விசாரித்து விசாரித்து விடுதியைக் கண்டுபிடித்தேன். அங்கே எங்களுக்கு முன்பே பள்ளி திறந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் வந்திருந்தார்கள். வார்டன் சாரதம்மா கன்னடக்காரர். ஆனால் ஓசூர் பஸ் நிற்கிற ஊர் அது, தமிழும் தெலுங்கும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. என் புடவையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பன்னி பன்னி, வாங்க, உள்ள வாங்க. மொதல்ல மாத்திக்குங்க, அப்புறம் பேசலாம்" என்று ஒரு புடவையையும் ஒரு துணியையும் கொடுத்தார்.

அந்தத் துணி ஸ்டெல்லா தைத்த மாதிரி இல்லை. ஒரு சின்னப் பட்டை, அதன் இரண்டு முனையிலும் வார். அதற்குள் சொருகுவதற்கு, சதுரமாக ஒரு பனியன் துணி. நான்காக மடித்தால் நாப்கின், விரித்தால் கைக்குட்டை. துவைத்து விரித்துப் போட்டால் ஒரே அடுக்கு. எந்த ஊரிலும் காய்ந்துவிடும்.

பிறகு கொல்லைப் பக்கம் கூட்டிப்போவார் என்று பார்த்தேன். வாசலுக்குக் கூட்டிப்போனார். ரோட்டைப் பார்த்து ஒரு கயிறு. கயிறு முழுக்கச் சதுரச் சதுரமாகத் துணிகள், மூலையில் ஆளுக்கொரு நிற நூலில் அடையாளம். ரோட்டில் பஸ் போகிறது, சைக்கிள் போகிறது, ஆடு போகிறது. துணி பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

"மொதல்ல யாரும் வெளிய போடல மேடம். பெட்டிக்கு அடியில, பாய்க்கு அடியில. ரூமுக்குள்ள கால் வைக்க முடியாது, அப்படி வாசன. ரெண்டு பொண்ணுக்கு அரிப்பு ஆயிடுத்து. எல்லாம் திரும்பக் கடைக்கு ஓடிட்டாங்க" என்றார் சாரதம்மா.

"அப்புறம் எப்படி?"

"நான் என்னோடத போட்டேன். இதே கயித்துல, ரோட்டப் பாத்து."

"யாரும் ஒன்னும் சொல்லலியா?"

"சொன்னாங்க. சொல்லிட்டுப் போனாங்க. கயிறு இங்கயேதான் இருக்குது." அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டு, முத்தே சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். கேழ்வரகுக் களிதான், ஆனால் மென்றால் தப்பாம். அப்படியே முழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் மென்றே சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஈஜிபுரா திரும்பியதும் தனத்தின் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "உன் எக்ஸ்போர்ட் குவாலிட்டி என் மானத்த வாங்கிடுச்சுடி. உள்ளாற என்னத்த வச்ச?" என்றேன்.

கத்திரிக்கோலை எடுத்துப் பிரித்தோம். துணிக்கு நடுவில் விறைப்பாக ஒரு வெள்ளைத் துண்டு. சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ். தனம் அதன் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உருண்டு ஓடி என் காலில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"கார்மென்ட்ஸ்ல காலைல போனா ராத்திரி வரைக்கும் அதே சத்தம்தான் அண்ணி. காலர் நிக்கல, காலர் நிக்கல, காலர் நிக்கணும்னு. அதே புத்தியில இதுக்குள்ளயும் வச்சிட்டேன். காலர் நிக்கணும், இது குடிக்கணும்னு தோணவே இல்லியே எனக்கு" என்றாள். சொல்லிவிட்டு நான் கட்டியிருந்த இரவல் புடவையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ரொம்ப அசிங்கமா போச்சா அண்ணி?" என்று கேட்டாள்.

கீரைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கீரையைத்தான் அன்றைக்குக் கடைந்து சாப்பிட்டோம்.

அடுத்த நாட்களில் தனம் வேலை முடிந்து வந்து சதுரச் சதுரமாக வெட்டித் தைத்துத் தள்ளினாள். எடை போட்டு விற்கிற பனியன் வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி வந்தோம். புதுத் துணியை முதலில் நன்றாக அலசிப் பசையை எடுக்க வேண்டும், அப்போதுதான் குடிக்கும் என்று சாரதம்மா சொல்லியிருந்தார். அந்த வேலை என்னுடையது.

என்னுடைய துணியைத் துவைத்து மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். சாரதம்மாவின் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆனாலும் என் கை தானாகப் போய்க் கயிற்றில் கிடந்த பாவாடையைத் தூக்கி, அதற்கடியில் துணியைப் போட்டுவிட்டது. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் சில்லென்று ஈரம். பெங்களூரைத் திட்டிக்கொண்டே நின்றேன். ஆனால் பக்கத்துக் கயிற்றில் யாரோ போட்டிருந்த கனத்த ஜமக்காளமே காய்ந்திருந்தது. அப்புறம் ஊரைத் திட்டி என்ன பிரயோஜனம்? பாவாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, துணிகளை நன்றாக விரித்து, வெயில் பார்த்துப் போட்டேன். யாராவது படியேறி வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு கயிற்றில் துணி போடுவதற்கு இவ்வளவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நானும் தனமும் கடைக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துணி போச்சு என்று ஓடி வந்தோம். மாடிப்படியில் காய்ந்த துணியெல்லாம் அடுக்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா எடுத்து வைத்திருக்கிறார். புடவை, பாவாடை, அதற்கு மேல் என்னுடைய சதுரத் துணிகள், ஒவ்வொன்றும் நான்காக மடித்து. தெரிந்துதான் மடித்தாரா, கைக்குட்டை என்று நினைத்து மடித்தாரா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தனம் அந்த வாரமே சிலிண்டருக்குப் பின்னாலிருந்த கம்பியை அவிழ்த்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ மெத்தை மாதிரி தைக்கக் கூடாதா? ரெண்டு நாள் காயாதுன்னு எனக்குத் தோணலியே" என்றார். பிறகு, தன் தோட்டத்து முன்பக்கம் ஒரு கயிறு கட்டச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

ஊர் திரும்பும்போது அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது, கர்ச்சீப் வியாபாரமா?" என்றார் ஒருவர்.

"இல்ல சார். பொம்பளப் பசங்க தூரத்துக்குக் கட்டிக்கற துணி."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டியதும் சூடு முகத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் ஊர் வெயிலை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பள்ளி திறந்ததும் பெரிய பிள்ளைகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். லாரி ஒரு தடவை வந்தாலும் நீங்கள் வீட்டுக்குத்தான் என்பதையும் மறைக்கவில்லை. முதலில் ஒரே சிரிப்பு. பிறகு எல்லோரும் துணியை வாங்கிக்கொண்டார்கள். வேப்பமரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டினேன்.

என் துணி மட்டும் அதில் தொங்கியது. அந்த மாதம் போய், அடுத்த மாதமும் அப்படித்தான். பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அறைக்குள் நுழைந்தால் டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து சாரதம்மா சொன்ன அதே வாசனை. திட்டலாமா என்று நாக்கு துடித்தது. மாடியில் என் கை தானாகப் பாவாடையைத் தூக்கியது ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் பயம் வந்துவிட்டது. அரிப்பு வந்து இவர்கள் கடை நாப்கினுக்கு ஓடினால் குழாய் அடைக்கும், லாரி வரும், கலைச்செல்வி மலைக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் ஒருநாள் தாளாளர் வந்தார். காரை விட்டு இறங்கியவர் கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டார். மேலே ஜன்னல்களில் பிள்ளைகளின் தலைகள்.

"என்னம்மா இது, வாசல்ல?"

நான்தான் சொன்னேனே, என் வாய் எனக்கு முன்னால் போய்விடும் என்று.

"உங்க கார் சக்கரத்துக்குக் கீழ வந்துச்சே சார், அதுதான். இப்ப டேங்க்ல போவல, கயித்துல காயுது. என்னோடதுதான்."

மனிதர் காது வரைக்கும் சிவந்துவிட்டார். நேராக டேங்க் பக்கம் போய், மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து, கயிற்றின் பக்கம் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மணி அடிக்க வாசலுக்கு வந்தேன். என் துணிக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு சதுரத் துணி தொங்கியது. மூலையில் பச்சை நூல். கலைச்செல்வியின் நூல். அவள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று கழிவு லாரிக்காரர் அவராகவே கேட்டில் வந்து நின்றார். "என்னா மேடம், வேற ஆள வச்சிட்டீங்களா? கூப்பிடவே இல்ல" என்றார் வருத்தமாக. வேலை இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் கலைச்செல்வி நிற்கிறாள், கையில் ஈரத் துணியோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"மேடம், கயிறு பத்தல. இன்னொன்னு கட்டுங்க" என்றாள்.